கம்பிவடத்தின் முனை: தொழிலகத் தொடர்பு வலையமைப்புகளில் ‘டெர்மினேஷன்’ – ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச்சுருக்கம்

தொழிலகத் தொடர்பு வலையமைப்புகளின் வரலாறு பெரும்பாலும் நெறிமுறைகளின் வரலாறாகவும் தர நிர்ணயக் குழுக்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. கம்பிவடத்தை உரித்து, கருவியோடு இணைத்து, அதன் இரு முனைகளையும் முறைப்படி முடித்து வைக்கும் வேலை அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. 1858-ஆம் ஆண்டின் அட்லாண்டிக் தந்தி வடம் முதல் 2021-இல் அறிமுகமான ஈதர்நெட்-ஏபிஎல் வரையிலான வளர்ச்சியை முனை என்னும் ஒரே இடத்திலிருந்து இக்கட்டுரை நோக்குகிறது. ‘டெர்மினேஷன்’ என்ற ஒரு சொல் கைவேலை, மின்வேலை என இரண்டைக் குறிக்கிறது. இவ்விரண்டும் தொடக்கத்தில் பிரிந்திருந்தன, இடைக்காலத்தில் ஒரே இணைப்பியில் சேர்ந்தன, பின்னர் மீண்டும் பிரிந்தன. இந்த இடமாற்றத்தில் அறிவு பொருளுக்குள் மறைந்தது. பொறுப்பு மட்டும் கம்பி இணைப்பவரிடம் தங்கியது என்பதே கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கம்பிவடம், முனைமுடிப்பு, அட்லாண்டிக் தந்தி, ஹெவிசைடு, ஆர்எஸ்-485, புரொஃபிபஸ், ஈதர்நெட், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு புதுமைகளையே பின்தொடர்வதால் பயன்பாடும் பராமரிப்பும் வரலாற்றுக்கு வெளியே தள்ளப்படுகின்றன என்று டேவிட் எட்ஜர்டன் தம் ‘த ஷாக் ஆஃப் தி ஓல்டு’ நூலில் வாதிட்டுள்ளார். தந்தி வடங்களைப் பொறுத்தவரை, விக்டோரியா காலக் கடலடி வடங்களின் நடைமுறைச் சிக்கல்களே மின்னியற்பியலின் போக்கைத் தீர்மானித்தன என்பதைப் புரூஸ் ஹன்ட்டின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. இவ்விரு பார்வைகளும் சந்திக்கும் ஓரிடம் கம்பிவடத்தின் முனை. அங்கே கோட்பாடும் கைவேலையும் ஒன்றையொன்று தொடுகின்றன.

ஒரு தொழிலகத்தில் வலையமைப்புப் பழுது ஏற்படும்போது முதலில் சோதிக்கப்படுவது இணைப்பு முனைகளே. ஆயினும் அம்முனைகள் ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டன, அங்கே பொருத்தப்படும் மின்தடையாக்கியின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் பயிற்சி ஏடுகளில் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லையாகச் செப்புக் கம்பிவடங்கள் மட்டும் கொள்ளப்படுகின்றன. ஒளியிழையும் கம்பியில்லாத் தொடர்பும் இதில் இடம்பெறவில்லை.

1. சொல்லும் அதன் இரு பொருளும்

தமிழ்நாட்டுத் தொழிலகங்களில் கம்பிவடத்தைக் கருவியோடு இணைக்கும் வேலைக்கு ‘டெர்மினேஷன்’ என்ற சொல்லே வழங்குகிறது. மேலுறையை உரித்தல், கவசப் பின்னலை ஒதுக்கிப் பற்றியில் பிடித்தல், இழைகளின் நுனியில் உலோகக் குழலிட்டுக் ‘கிரிம்ப்’ செய்தல், உரிய இணைப்புமுனையில் செருகி இறுக்குதல், எண்பட்டை இடுதல் ஆகிய அனைத்தும் இச்சொல்லில் அடங்கும். இது கைவேலை.

அதே சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. வடத்தின் கடைக்கோடியில் இரு கம்பிகளுக்கு இடையே ஒரு மின்தடையாக்கியைப் பொருத்தி, அங்கு வந்துசேரும் மின்னலை மீண்டும் வடத்துக்குள் திரும்பாதவாறு அதன் ஆற்றலை உறிஞ்சச் செய்வதும் ‘டெர்மினேஷன்’ தான். இது மின்வேலை. இக்கட்டுரை முதலாவதை ‘இணைப்பு’ என்றும் இரண்டாவதை ‘முனைமுடிப்பு’ என்றும் பிரித்து வழங்குகிறது. பேச்சுவழக்கில் இரண்டும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், ஒன்று சரியாக நடந்திருந்தால் மற்றொன்றும் நடந்துவிட்டதாகக் கருதும் மயக்கம் எழுகிறது. கண்ணுக்குச் சீராகத் தோன்றும் இணைப்பு மின்னியல் அடிப்படையில் முடிவுறாத முனையாக இருக்கலாம்.

2. 1858: இரு முனைகளுக்கிடையே எழுந்த பூசல்

நீண்ட கம்பிவடத்தின் வழியே குறிகை எவ்வாறு செல்கிறது என்னும் வினாவைத் தொழிலகங்கள் எழுப்பவில்லை. கடலடித் தந்தி எழுப்பியது. 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியே இடப்பட்ட வடம் வெற்றி பெற்றபின், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் முயற்சி தொடங்கியது. நீண்ட வடத்தில் குறிகை மழுங்கிப் பரவுகிறது என்பதையும், அவ்வாறு மழுங்குவதால் ஏற்படும் தாமதம் வடத்தின் நீளத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதையும் வில்லியம் தாம்சன் 1855-இல் கணித முறையில் வெளியிட்டார். அட்லாண்டிக் தந்திக் கம்பெனியின் மின்வல்லுநரான வைல்ட்மன் வைட்ஹவுஸ் தம் சோதனைகளைக் காட்டி இதனை மறுத்தார். அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுப் பின் தந்தித் துறைக்கு வந்தவர் அவர்.

1858 ஆகஸ்ட் மாதத்தில் அயர்லாந்தின் வலென்ஷியாவும் நியூஃபவுண்ட்லாந்தும் வடத்தால் இணைந்தன. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய, நூறு சொற்களுக்கும் குறைவான வாழ்த்துச் செய்தி சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. மழுங்கிய குறிகையை வலுப்படுத்தும் பொருட்டு வைட்ஹவுஸ் பெரிய தூண்டுசுருள்களால் ஏறத்தாழ 2000 வோல்ட் மின்னழுத்தத்தை வடத்தில் செலுத்தினார். தாம்சனோ மிகச் சிறு மின்னோட்டத்தையும் காட்டவல்ல ஆடிக் கால்வனோமானியை ஏற்கும் முனையில் வைத்தார். ஒருவர் அனுப்பும் முனையின் வலிமையை நம்பினார். மற்றவர் ஏற்கும் முனையின் நுண்மையை நம்பினார். சில வாரங்களிலேயே வடம் செயலிழந்தது.

இத்தோல்விக்கு வைட்ஹவுஸ் மட்டும் காரணர் அல்லர். வடம் செய்யப்பட்ட முறையிலும் அது பாதுகாக்கப்பட்ட முறையிலும் குறைகள் இருந்தன. வடத்தின் ஒரு பாதியைக் கிரீனிச்சில் கிளாஸ் எலியட் நிறுவனமும், மறுபாதியைப் பர்கன்ஹெட்டில் நியூவால் நிறுவனமும் செய்தன. மேற்கவசக் கம்பிகளின் முறுக்கு ஒன்றில் இடமாகவும் மற்றொன்றில் வலமாகவும் அமைந்துவிட்டது. அவ்விரு பாதிகளையும் இணைத்தால் ஒன்றையொன்று முறுக்கவிழ்க்கும் என்பதால் இணைப்பிடத்திற்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. தனித்தனியே குறையற்ற இரு பொருள்கள், முன்கூட்டி ஒத்திசைவு பேசப்படாமையால், சேருமிடத்தில் முரண்பட்டமைக்கு இது ஒரு தொடக்ககாலச் சான்று. இதே வகைச் சிக்கலை நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தொழிலக வடங்களிலும் காண்போம்.

அட்லாண்டிக் வடத்தின் தோல்வியும் அக்காலத்துப் பிற கடலடி வடங்களின் தோல்விகளும் ஆராயப்பட்டு, 1861-இல் கூட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. அளவீட்டில் பொது அலகு இல்லாத குறையும் அக்காலத்திலேயே உணரப்பட்டது. தாம்சனின் தூண்டுதலால் அதே 1861-இல் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகம் மின்தடை அலகுக்கான குழுவை அமைத்தது. அறிஞர்களின் பெயரால் அலகுகளை வழங்கலாம் என்னும் கருத்தை அவ்வாண்டில் முன்வைத்த லாட்டிமர் கிளார்க், சார்லஸ் பிரைட் ஆகிய இருவருமே வடப் பொறியாளர்கள். 1881-இல் பாரிஸ் மாநாடு ‘ஓம்’ என்னும் அலகைப் பன்னாட்டளவில் ஏற்றது. இன்று பழுது பார்ப்பவர் கையிலுள்ள பன்மானி காட்டும் ஓம் என்ற அலகு, பெருமளவு கம்பிவடத் தொழிலின் தேவையால் உருப்பெற்றது.

3. திரும்பும் அலை: ஹெவிசைடு

தாம்சனின் கோட்பாடு வடத்தின் மின்தடையையும் மின்தேக்கத்தையும் மட்டுமே கணக்கில் கொண்டது. மெதுவான தந்திக் குறிகைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. வடத்தின் மின்தூண்டலையும் கசிவையும் சேர்த்து முழுமையான சமன்பாடுகளை அமைத்தவர் ஆலிவர் ஹெவிசைடு. நியூகாசிலில் கிரேட் நார்தர்ன் தந்திக் கம்பெனியின் பணியாளராக இருந்து, 1874-இல் பணியைத் துறந்தவர் அவர். வடத்தின் பழுதை முனையில் அமர்ந்து அளவிட்டுக் கண்டறியும் பணியனுபவம் அவருக்கு இருந்தது.

மின்தூண்டலையும் சேர்த்துக் கொண்டால் குறிகை மழுங்கிப் பரவுவதோடு நில்லாமல் அலையாகவும் இயங்குகிறது. அலையாக இயங்கும் எதுவும் எல்லையை அடையும்போது திரும்பும். முனை திறந்திருந்தால் அலை அதே குறியுடனும், குறுக்கிணைப்புற்றிருந்தால் எதிர்க்குறியுடனும் மீள்கிறது. முனையில் வைக்கப்படும் மின்தடை வடத்தின் பண்பு மின்னெதிர்ப்புக்குச் சமமாயின் அலை முற்றிலும் உறிஞ்சப்பட்டு மீளாது. பண்பு மின்னெதிர்ப்பு என்பது வடத்தின் நீளத்தைச் சார்ந்ததன்று. கம்பிகளின் தடிமன், இடைவெளி, காப்புப் பொருள் ஆகியவற்றால் அமைவது. முனைத்தடை அலையை உறிஞ்சும் இந்நிலையை ஹெவிசைடு 1880-களின் பிற்பகுதியில் விளக்கினார். இக்கட்டுரை முனைமுடிப்பு என வழங்கும் செயலின் கோட்பாட்டு அடித்தளம் இதுவே.

அக்கருத்து உடனே ஏற்கப்படவில்லை. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்வல்லுநர் வில்லியம் பிரீஸ், மின்தூண்டல் குறிகைக்குக் கேடு விளைப்பது என்றே கொண்டு, 1887-இல் ஹெவிசைடு தம் உடன்பிறந்தாரோடு எழுதிய கட்டுரை வெளிவருவதைத் தடுத்தார். வைட்ஹவுஸ்–தாம்சன் பூசல் வேறு பெயர்களில் மீண்டும் நடந்தது எனலாம். நடைமுறை வல்லுநர், கோட்பாட்டாளர் என்னும் இப்பிரிவினை பேச்சில் தீரவில்லை. கோட்பாட்டைத் தன்னுள் தாங்கிய பொருள்கள் உருவானபோதே தணிந்தது. 1900-ஆம் ஆண்டையொட்டித் தொலைபேசித் தடங்களில் இடப்பட்ட சுமைச் சுருள்கள் அத்தகைய பொருள்களுள் ஒன்று. இதற்கிடையே 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் முறுக்கிய இணைக்கம்பிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினால் வெளித்தூண்டல் இரண்டிலும் சமமாக விழுந்து நீங்கும் என்னும் இக்கருத்து இன்றைய தொழிலக வடங்கள் பெரும்பாலானவற்றில் நிலைத்துள்ளது.

4. ஒரு கருவிக்கு ஓர் இணை

தொழிலகங்களுக்குள் அளவீடுகளை எடுத்துச் செல்லும் வேலையை முதலில் காற்றழுத்தக் குழாய்களே செய்தன. 3 முதல் 15 பிஎஸ்ஐ வரையிலான அழுத்தம் அளவின் குறியாக இருந்தது. மின்னணுக் கருவிகள் வந்தபின் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டம் அவ்விடத்தைப் பிடித்து, 1970-களில் பொதுத் தரமாயிற்று. கீழெல்லை சுழியாக அமையாமல் 4 மில்லிஆம்பியராக அமைந்ததற்குக் காரணம் உண்டு. சுழி மின்னோட்டம் வந்தால் அது அளவின் சுழியன்று, கம்பி அறுந்ததன் அறிகுறி என்று உடனே தெரிந்துகொள்ளலாம். முனையின் பழுதைக் குறிகையே அறிவித்துவிடும் அமைப்பு அது.

இம்முறையில் அளவு மெதுவாக மாறுவதால் திரும்பும் அலை குறித்த கவலை எழவில்லை. ஏற்கும் முனையில் 250 ஓம் மின்தடையாக்கி ஒன்று மின்னோட்டத்தை 1 முதல் 5 வோல்ட்டாக மாற்றியது. அது அளவீட்டுக்கானதே தவிர அலையை உறிஞ்சுவதற்கானதன்று. எனவே கைவேலை மட்டுமே மிகுந்தது. ஒரு கருவியிலிருந்து களச் சந்திப்புப் பெட்டிக்கும், அங்கிருந்து பகிர்வு அலமாரிக்கும், அங்கிருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ஓர் இணை செல்வதாகக் கொள்வோம். மூன்று பகுதிகளிலும் இரு கம்பிகளுக்கும் இவ்விரு நுனிகள். ஆக 12 இணைப்புகள். நூறு கருவிகளுக்கு 1200 இணைப்புகள். உழைப்பு மிகுதியாயினும் பழுதின் எல்லை சிறிது. ஓர் இணைப்பு தளர்ந்தால் ஓர் அளவு மட்டும் இழக்கப்படும், எஞ்சியவை இயங்கும்.

5. பொதுத்தடமும் ஆர்எஸ்-485 தரமும்

1969-இல் வெளிவந்த மாடிக்கான் 084 போன்ற நிரல்வழிக் கட்டுப்படுத்திகள் பரவியபின், கருவிகள் ஒன்றோடொன்று எண்முறையில் பேசவேண்டிய தேவை எழுந்தது. 1979-இல் மாடிக்கான் நிறுவனம் மோட்பஸ் நெறிமுறையை வெளியிட்டது. 1983-இல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்எஸ்-485 தரம், ஒரே முறுக்கிணையில் 32 நிலையான சுமை அலகுகள் வரை இணைக்க வழிசெய்தது. இரு கம்பிகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடே குறிகை. 200 மில்லிவோல்ட் வேறுபாட்டையும் ஏற்பி இனங்காண வேண்டும். குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1200 மீட்டர் வரை செல்லலாம்.

இங்குதான் ஹெவிசைடின் முனை தொழிலகத்துக்குள் நுழைந்தது. பல கருவிகள் ஒரே தடத்தில் தொங்குவதால் அத்தடத்தின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடையாக்கிகள் தேவைப்பட்டன. இடையில் எங்கும் அவை இருத்தலாகாது. ஆயினும் ஆர்எஸ்-485 மின்னியல் பண்புகளை மட்டுமே வரையறுத்தது. இணைப்பியின் வடிவம், முனைகளின் வரிசை ஆகியவற்றை அது நிர்ணயிக்கவில்லை. கம்பிகளுக்கு ‘ஏ’, ‘பி’ என்று தரம் இட்ட பெயரும், பல மின்சில்லு உற்பத்தியாளர்கள் இட்ட பெயரும் எதிரெதிராக அமைந்தன. இரு நிறுவனங்களின் கருவிகளை ‘ஏ’க்கு ‘ஏ’, ‘பி’க்கு ‘பி’ என்று ஒழுங்காக இணைத்தவரின் தடம் பேசாமல் போவதுண்டு. கம்பிகளை இடம் மாற்றியவுடன் அது பேசும். 1858-இல் எதிரெதிராக முறுக்கப்பட்ட இரு பாதிகளின் கதையே இங்கு எழுத்துகளின் வடிவில் மீள்கிறது.

6. புரொஃபிபஸ் இணைப்பி: இரு வேலைகளும் ஒரே கூட்டில்

1987-இல் ஜெர்மனியில் அரசு ஆதரவோடு, நிறுவனங்களும் ஆய்வு நிலையங்களும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தின் விளைவாகப் புரொஃபிபஸ் உருவாயிற்று. 1991-இல் டிஐஎன் 19245 என்னும் ஜெர்மானியத் தரமாகவும், 1996-இல் இஎன் 50170 என்னும் ஐரோப்பியத் தரமாகவும் அது ஏற்கப்பட்டது. ஆர்எஸ்-485 திறந்துவிட்ட இடங்களைப் புரொஃபிபஸ் அடைத்தது. ‘ஏ’ வகை வடத்தின் பண்பு மின்னெதிர்ப்பு 135 முதல் 165 ஓம் வரை. ‘ஏ’ கம்பி பச்சை, ‘பி’ கம்பி சிவப்பு. மேலுறை பெரும்பாலும் ஊதா. இணைப்பி ஒன்பது முள் கொண்டது.

வேகத்துக்கும் நீளத்துக்கும் உள்ள தொடர்பு இத்தரத்தில் அட்டவணையாகவே தரப்பட்டது. நொடிக்கு 93.75 கிலோபிட் வரை 1200 மீட்டர், 1.5 மெகாபிட் எனில் 200 மீட்டர். 12 மெகாபிட் எனில் 100 மீட்டர். இந்த எண்களின் பொருளை ஓர் எளிய கணக்கு விளக்கும். வடத்தில் அலை ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோநொடி ஆகிறது. நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட் வடத்தின் மீது ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 1200 மீட்டர் வடத்தில் அலை பலமுறை சென்று மீண்டு அடங்கியபின்னும் அந்தப் பிட் முடிந்திருக்காது. 12 மெகாபிட் வேகத்திலோ ஒரு பிட்டின் நீளம் 17 மீட்டர் மட்டுமே. 100 மீட்டர் வடத்தின் முனையில் திரும்பும் அலை மீண்டு வருவதற்குள் பன்னிரண்டு பிட்டுகள் அனுப்பப்பட்டிருக்கும்; பழைய பிட்டின் எதிரொலி புதிய பிட்டின் மேல் விழும். முனைமுடிப்பு இல்லாத தடம் குறைந்த வேகத்தில் தொல்லையின்றி இயங்கி, வேகம் உயர்த்தப்பட்ட நாளில் தடுமாறுவதன் காரணம் இதுவே. அன்று கை வைத்தவர் வேறு, பிழை விட்டவர் வேறு.

புரொஃபிபஸின் முனைமுடிப்பு ஒரே மின்தடையாக்கியன்று. இரு கம்பிகளுக்கும் இடையே 220 ஓம். ‘பி’ கம்பியிலிருந்து 5 வோல்ட்டுக்கு 390 ஓம். ‘ஏ’ கம்பியிலிருந்து சுழிக்கு 390 ஓம். எவரும் பேசாத நேரத்தில் இரு கம்பிகளுக்கும் இடையே ஏறத்தாழ 1.1 வோல்ட் வேறுபாடு நிலைக்கிறது. தடத்தின் மௌனம் ஐயத்துக்கு இடமின்றி மௌனமாகவே உணரப்படுகிறது. இம்மூன்று மின்தடையாக்கிகளும் இணைப்பியின் கூட்டுக்குள்ளேயே அடக்கப்பட்டு, வெளியே ஒரு சிறு நிலைமாற்றி வைக்கப்பட்டது. கோடியில் உள்ள இரு இணைப்பிகளில் அதனை இயக்க வேண்டும். மற்றவற்றில் அணைத்து வைக்க வேண்டும்.

இக்கட்டுரையின் நோக்கில் இந்நிலைமாற்றி ஒரு முக்கியத் திருப்பம். தாம்சன் முதல் ஹெவிசைடு வரை அறிஞர்கள் கணிதத்தால் வாதிட்ட ஒன்று, விரல் நுனியால் தள்ளக்கூடிய ஓர் உறுப்பாகச் சுருங்கியது. இணைப்பும் முனைமுடிப்பும் ஒரே பொருளில், ஒரே கையின் கீழ் சேர்ந்தன. வடத்தை உரிப்பதற்கான அளவு குறித்த கருவிகளும், காப்பை வெட்டிக்கொண்டு கம்பியைப் பற்றும் இணைப்பிகளும் கைவேலையை மேலும் எளிதாக்கின.

எளிமையோடு புதிய பிழைகளும் வந்தன. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது, பல இணைப்பிகளில் நிலைமாற்றியை இயக்கினால் வெளிச்செல்லும் வடம் துண்டிக்கப்படும். ஆதலால் கோடியில் உள்ள இணைப்பியில் வடத்தை ‘உள்வரும்’ துளையிலேயே இணைக்க வேண்டும். ‘வெளிச்செல்லும்’ துளையில் இணைத்து நிலைமாற்றியை இயக்கினால், கோடியிலுள்ள கருவி தடத்திலிருந்து விடுபட்டுவிடும். இரண்டாவது, முனைமுடிப்புக்கான 5 வோல்ட் கோடியிலுள்ள கருவியிலிருந்தே வருகிறது. பராமரிப்புக்காக அக்கருவியின் மின்சாரத்தை நிறுத்தினால், நிலைமாற்றி இயக்க நிலையிலேயே இருந்தும் முனைமுடிப்பு குலைகிறது. பழுதோ தொலைவிலுள்ள வேறு கருவிகளில் தோன்றுகிறது. மூன்றாவது, வலையமைப்பை நீட்டும்போது பழைய கோடி இடைநிலையாகிவிடுகிறது. அங்கு இயங்கிக்கொண்டிருந்த நிலைமாற்றியை அணைக்க மறந்தால் புதிதாகச் சேர்த்த கருவிகள் தென்படா. மூன்றிலும் கைவேலை பழுதற்றது. ‘கோடி’ என்பதன் மின்னியல் பொருளை அறிந்தவருக்கே அவை பிழைகளாகத் தெரியும்.

7. எட்டு வகைகளும் ஒரு கையும்

களத்தடங்களுக்கு ஒரே பன்னாட்டுத் தரம் வகுக்கும் முயற்சியைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1985-இல் தொடங்கியது. பதினைந்து ஆண்டுப் போட்டிக்குப் பின் வெளிவந்த ஐஇசி 61158 தரம் எட்டு வகைகளை ஒருசேர ஏற்றது. ‘களத்தடப் போர்’ என்று அழைக்கப்படும் இந்நிகழ்வு நிறுவனங்களின் வணிகப் போட்டியாகவே பேசப்படுகிறது. அதன் விளைவைச் சுமந்தவர் கம்பி இணைப்பவர் என்பது அப்பேச்சில் இடம்பெறுவதில்லை.

ஒரே ஆலையில் 150 ஓம் வடமும் மும்மின்தடை முடிப்பும் கொண்ட புரொஃபிபஸ்-டிபி இருக்கலாம். வெடி அபாயமுள்ள பகுதியில் நொடிக்கு 31.25 கிலோபிட் வேகத்தில் இயங்கும் புரொஃபிபஸ்-பிஏ அல்லது ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ் இருக்கலாம். அங்கு மின்சாரமும் குறிகையும் ஒரே இணையில் செல்வதால், முனைமுடிப்பு 100 ஓம் மின்தடையோடு 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தொடராக அமைந்தது. நேர்மின்னோட்டம் மின்தடையில் வீணாகாமல் மின்தேக்கி தடுக்கிறது. பாஷ் நிறுவனம் 1986-இல் ஊர்திகளுக்கென வெளியிட்ட கேன் தடம் 1994-இல் டிவைஸ்நெட் வடிவில் தொழிலகத்துக்கு வந்தபோது 121 ஓம் முடிப்பைக் கொண்டுவந்தது. கண்ணுக்கு ஒத்துத் தோன்றும் இவற்றுள் ஒன்றின் முடிப்பை மற்றொன்றில் இட்டால் தடம் பழுதுறும். குழு அறையில் எட்டாமற்போன உடன்பாடு, இணைப்பு அலமாரியின் முன் நிற்பவரின் நினைவாற்றலுக்குச் சுமையாயிற்று. தொழிலக வளாகங்களில் தொடர்பு வடம் இடும் முறைகளுக்கான பொதுத் தரமான ஐஇசி 61918 வெளிவந்தது 2007-இல் தான்.

8. ஈதர்நெட்: முனை சில்லுக்குள் மறைதல்

1973-இல் செராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் முன்வைத்த ஈதர்நெட்டும் தொடக்கத்தில் பொதுத்தடமே. 500 மீட்டர் வரை செல்லும் தடித்த ஓரச்சு வடம், இரு கோடிகளிலும் 50 ஓம் முடிப்பி, வடத்தைத் துளைத்துப் பற்றும் இணைப்புகள் என்பன அதன் அமைப்பு. முடிப்பி ஒன்று கழன்றால் வலையமைப்பு முழுவதும் நின்றது. 1990-இல் தரமான 10பேஸ்-டி இந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு வடமும் இரு கருவிகளை மட்டும் இணைத்தது. கோடி என்பது எப்போதும் கருவியே ஆயிற்று. முனைமுடிப்பு கருவியின் உள்ளே இடம்பெயர்ந்தது. நிலைமாற்றி தேவையற்றுப் போயிற்று.

தொழிலக ஈதர்நெட் பரவியபின் கம்பி இணைப்பவரிடம் எஞ்சியது மீண்டும் கைவேலை மட்டுமே. ஆனால் அக்கைவேலையின் மின்னியல் பொருள் மறையவில்லை. இணைப்பியின் அருகே முறுக்கை மிகுதியாக அவிழ்த்தால் அவ்விடத்தில் பண்பு மின்னெதிர்ப்பு மாறுகிறது. சிறு அலை திரும்புகிறது. கவசப் பின்னலை நூலாகத் திரித்து ஒரு முனையில் கட்டினால் உயரதிர்வெண் இரைச்சலுக்கு எதிரான அதன் காப்பு குறைகிறது. பற்றியால் சுற்றிலும் பிடித்தால் காக்கிறது. ஹெவிசைடின் சமன்பாடு இப்போதும் உரிக்கும் கருவியின் நுனியில்தான் நிற்கிறது. அதனைச் சுட்டிக்காட்டும் 120 என்ற எண்ணோ, நிலைமாற்றியோ மட்டும் இல்லை.

2019-இல் தரமான 10பேஸ்-டி1எல் ஒரே இணையில் 1000 மீட்டர் வரை ஈதர்நெட்டைக் கொண்டு சென்றது. 2021-இல் அதன்மேல் அமைந்த ஈதர்நெட்-ஏபிஎல், வெடி அபாயமுள்ள ஆலைகளுக்காக அறிமுகமாயிற்று. மின்சாரமும் குறிகையும் செல்லும் ஒரே முறுக்கிணைக்கே தொழிலகம் திரும்பியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, முனைமுடிப்பு தொழிலகத்தில் பிறந்த உத்தியன்று. கடலடித் தந்தியின் சிக்கல்களிலிருந்து வளர்ந்த கோட்பாடு. அது முதலில் சமன்பாடாகவும், பின் தரநூலின் எண்ணாகவும், பின் இணைப்பியின் நிலைமாற்றியாகவும், இறுதியில் சில்லின் உள்ளுறுப்பாகவும் வடிவம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் அதனைப் பயன்படுத்துவது எளிதாயிற்று. அதன் காரணத்தை அறிவது அரிதாயிற்று.

இரண்டாவதாக, இணைக்குமிடத்தில் எழும் பழுதுகளுள் ஒரு பகுதி கையின் பிழையன்று. எதிரெதிர் முறுக்கும், எதிரெதிர்ப் பெயரிடலும், எட்டு வகைத் தரமும் மேலே தீர்க்கப்படாமல் முனைக்குத் தள்ளப்பட்ட முரண்கள். பழுது வெளிப்படும் இடம் முனையாதலின் பழியும் முனையில் நிற்பவர்மேல் விழுகிறது. வரலாற்றாசிரியர் பழுதின் இடத்தையும் அதன் தோற்றத்தையும் பிரித்துக் காணவேண்டும்.

மூன்றாவதாக, மறைந்த அறிவு மீட்கத்தக்கதே. மின்சாரம் நிறுத்தப்பட்ட கேன் தடத்தில் பன்மானியை வைக்கும் தொழிலாளி 60 ஓம் கண்டால் இரு முடிப்புகளும் உள்ளன என்று அறிகிறார். 120 கண்டால் ஒன்று இல்லை. 40 கண்டால் ஒன்று மிகுதி. இணைவரிசையில் அமைந்த மின்தடைகளின் கணக்கே இது. அலை ஏன் திரும்புகிறது என்பதையும் சேர்த்துக் கற்பித்தால், அவ்வெண் மனப்பாடமாக நில்லாமல் விளக்கமாக மாறும். தொழிற்பயிற்சி ஏடுகள் ‘டெர்மினேஷன்’ என்னும் ஒரு சொல்லின் இரு பொருளையும் பிரித்துக் கற்பிப்பது அதற்கான முதற்படி. வலையமைப்புகளின் வரலாறும் குழு அறைகளோடு நில்லாமல், இணைப்பு அலமாரியின் முன் நின்று எழுதப்பட வேண்டும்.